திரைக்குப் பின்னாலிருந்து பார்த்த ஊர்

பிப்ரவரி 9

மத்தியானமே கடையை மூடிவிட்டேன். பச்சைச் சட்டைக்குப் பொருத்தமாகப் பட்டன் வேண்டும் என்று ஒரு பெண் வந்தாள். கடையில் இருந்த பச்சையையெல்லாம் கிளறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வெள்ளை வாங்கிக்கொண்டு போனாள். வேறு நாளாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இன்று வாய் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பி அப்படியேதான் கிடக்கிறான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து விழுந்தவன். வலது கையும் வலது காலும் மரக்கட்டை. பேச்சு இல்லை. சாப்பாடு மூக்கில் போட்ட குழாய் வழியாக. நாம் சொல்வது அவனுக்குப் புரிகிறதா என்று டாக்டரிடம் கேட்டேன். "புரியலாம், புரியாமலும் இருக்கலாம்" என்றார். இதைச் சொல்வதற்கா இத்தனை வருஷம் படித்தார்?

கிளம்பும்போது திரும்பி நின்று, "பழைய விஷயமா பேசுங்கம்மா. சின்ன வயசு, சொந்த ஊரு, அந்த மாதிரி. சில பேருக்கு அது உள்ள போகும்" என்றார்.

பழைய விஷயமா? அதற்கென்ன பஞ்சம் எங்களிடம்.

பிப்ரவரி 10

பேசினேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி.

பிப்ரவரி 12

இன்று தியேட்டர் கதை. அவனுக்குப் பிடித்தது அதுதான்.

ஊரே ஒரு தெருதான். ஒரு முனையில் பாட்டை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் மறுமுனை வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு, பாலம், பாலத்துக்கு இந்தப் பக்கம் தியேட்டர். அப்பா அங்கே படம் ஓட்டுகிற ஆபரேட்டர். முதலாளி மகா கஞ்சன். வேலைக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக்கூட ஓசி டிக்கெட் கிடையாது. கேட்டில் நிற்கிற பூனைக்கண்ணர்தான் வழி சொன்னார். "திரைக்கு முன்னாடி உக்காந்தாதானே காசு? பின்னாடி போய் உக்காருங்க. எவன் கேக்கப் போறான்?"

அப்படித்தான் நானும் தம்பியும் திரைக்குப் பின்னால் குடியேறினோம். வெள்ளைத் துணித் திரை. பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாக்கை விரித்து உட்காருவோம். காது அடைத்துப்போகும். பேச முடியாது, கையைக் காட்டித்தான் எல்லாம். அண்ணாந்து பார்த்தால் ஆளுயரத்துக்கு மூக்கு, வண்டிச்சக்கரம் மாதிரி கண்.

எல்லாமே இடம் வலம் மாறித் தெரியும். எங்களுக்கு அது தெரியாதே! உலகத்துக் கதாநாயகன் எல்லாம் இடது கைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அடித்தால் இடது கை, கண்ணீர் துடைத்தால் இடது கை, துப்பாக்கி இடது கை. எழுத்துப் போட்டால் வலது ஓரத்திலிருந்து இடது பக்கமாக வாசிப்போம். தம்பிக்கு ஒரே வெறி. தலை சீவுவது, பந்து எறிவது, சண்டை போடுவது எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டான். சிலேட்டில் இடது கையால் தலைகீழ் மாறாமல் இடம் வலம் மட்டும் மாற்றி எழுதுவான். அம்மா முதுகில் வைத்த வைப்பில்தான் பள்ளிக்கூடத்து எழுத்து வலது கைக்குத் திரும்பியது.

ஒருநாள் முதலாளி வெளியூர் போயிருந்தபோது அப்பா எங்களை முன்பக்கம் நாற்காலியில் உட்காரவைத்தார். அதே படம். பாதியில் தம்பி எழுந்துவிட்டான். "அக்கா, வா போலாம். இது வேற படம்."

இந்த இடத்தில் அவன் எப்போதும் சிரிப்பான். இன்று நான் மட்டும் சிரித்தேன். பக்கத்துக் கட்டில் கிழவரின் மருமகன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

பிப்ரவரி 14

ஒரு யோசனை தோன்றியது. என் தம்பிக்கு ஒரு குணம் உண்டு. ஊரைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் மறுப்பான். வெள்ளம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தது என்பேன். "புளுகாதக்கா, பாலத்தோட நின்னுடுச்சு" என்பான். பாலத்துக் கைப்பிடியின் நிறத்துக்காகப் போனில் சண்டை போட்டு ஒரு மாசம் பேசாமல் இருந்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் நரைத்த பிறகு!

அதனால் இன்று வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொன்னேன். பாலம் மஞ்சள் என்றேன். அப்பாவுக்குக் காது வரைக்கும் மீசை என்றேன். பூனைக்கண்ணருக்கு ஒரு கண்தான் பூனைக்கண் என்றேன். தியேட்டரில் இரண்டு திரை என்றேன். ஒவ்வொரு பொய்க்கும் அவன் உதட்டைப் பார்த்தேன். புளுகாதக்கா. ஒரே ஒரு தடவை சொல்லேன்டா.

தம்பி மனைவி பழச்சாறு வாங்கிக்கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் அண்ணி எல்லாத்தையும் மாத்திச் சொல்றீங்க?" என்றாள். அந்த ஊரைக் கண்ணால் பார்க்காதவள். அவளுக்கே தப்பென்று தெரிந்திருக்கிறது. அத்தனை தடவை அவன் சொல்லியிருக்கிறான்.

பிப்ரவரி 17

இன்று போனால் அவன் இடது கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்துத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

"மூக்குக் குழாயப் பிடுங்கிப் போடுறாரும்மா. மூணு தடவ ஆச்சு. நாங்க என்ன பண்றது?" என்றாள் பெரிய நர்ஸ். அவள்மேல் தப்பில்லை. ஆனால் இருக்கிறதே அந்த ஒரு கை. அதையும் கட்டினால்? வெறும் உடம்புதானே பாக்கி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கத்திவிட்டேன். அவளே பயந்துபோய் அவிழ்த்துவிட்டாள். கையில் துணி அழுந்திய தடம். தேய்த்துவிட்டேன்.

நான் வீட்டுக்கு வந்த பிறகு திரும்பக் கட்டியிருப்பார்கள். தெரியும்.

பிப்ரவரி 18

கட்டித்தான் இருந்தார்கள்.

பிப்ரவரி 20

உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண் வந்தாள். கையை அவிழ்த்து, ஒரு அட்டையில் காகிதம் செருகி, விரலில் பென்சிலைப் பிடித்துவைத்தாள். நானும் தம்பி மனைவியும் இரண்டு பக்கமும் நின்றோம். அவன் நெடுநேரம் சும்மா இருந்தான். பிறகு பென்சில் நகர்ந்தது. காகிதத்தின் வலது ஓரத்தில் தொடங்கி, நத்தை மாதிரி இடது பக்கம்.

"வெறும் கிறுக்கல்தான். ஆனா கை வேலை செய்யுது பாருங்க, நல்ல அறிகுறி" என்றாள் அந்தப் பெண்.

கிறுக்கல் இல்லை. எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. சாக்கில் உட்கார்ந்து படித்த கண்ணல்லவா. இடம் வலம் மாறிய எழுத்து. கோணல்மாணலாக, ஆனால் முழுசாக.

போதும்.

அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

"ஆமா, கிறுக்கல்தான்" என்று நானும் சொன்னேன். தம்பி மனைவி பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவனுக்குப் புரிகிறது. எல்லாம் புரிகிறது. நான் பாலத்துக்கு மஞ்சள் அடித்ததும் புரிந்திருக்கிறது. அதைத் திருத்த அவனுக்குத் தோன்றவில்லை. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இதை எழுதியிருக்கிறான். யாரிடம் சொல்வது இதை? எப்படிச் சொல்வது? சொன்னால் குழாயை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் போய்விடுவான். நான் சொல்லமாட்டேன். என்னால் முடியாது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 23

இன்று இரண்டு வார்த்தை. போதும் அக்கா.

பக்கத்துக் கட்டில் காலி, பயிற்சிக்காரப் பெண்ணும் போய்விட்டாள், அறையில் நாங்கள் இருவர்தான். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஐந்து வாரத்தில் அவன் என்னை இப்படிப் பார்க்கவேயில்லை. நான் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "என்னடா எழுதிருக்க, ஒண்ணும் புரியலயே" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் பொய் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியாதா? என்னை அவனுக்குத் தெரியாதா?

பாவி நான்.

பிப்ரவரி 26

டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. தொண்டையில் ஓட்டை போட்டு ஒரு குழாய், வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு குழாய். "அப்புறம் எழுந்து உக்காருவாரா டாக்டர்?" என்று கேட்டேன். "அதச் சொல்ல முடியாது. இருப்பார்" என்றார்.

இருப்பார்.

வெளிநாட்டிலிருந்து அவன் மகள் போனில் அழுகிறாள். "எது வேணாலும் செய்யுங்க அத்தை. எப்படியாவது அப்பாவ வெச்சிருங்க." பிள்ளைப்பேறு நெருங்கிவிட்டது அவளுக்கு. விமானத்தில் ஏறக்கூடாது. அவளை என்ன சொல்ல? நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். எப்படியாவது வைத்திருக்கிறேன்.

இலவு காத்த கிளிக்காவது பழுக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. பழுக்காது என்று தெரிந்தே காத்திருக்கிறேன். ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பாசமா? பாசம்தான். ஆனால் அதில் பாதி பயம். அந்த ஊரை என்னோடு சேர்ந்து பார்த்தவன் இவன் ஒருவன்தான். அப்பா இல்லை, அம்மா இல்லை, பூனைக்கண்ணர் எப்போதோ போய்விட்டார். தியேட்டர் இருந்த இடத்தில் டயர் கடை. இவனும் போனால் நான் சொல்வதற்கெல்லாம் சாட்சி யார்? எனக்காகத்தான் அவனைக் கட்டிப்போட்டிருக்கிறேன். நர்ஸ் துணியால் கட்டினாள். நான் வேறு விதமாக.

பிப்ரவரி 27

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவேண்டிய தாள் தம்பி மனைவியிடம் இருந்தது. காலையிலிருந்து போடவில்லை. அறைக்கு வெளியே நடைவழி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன்.

"என்னம்மா, போடலியா?"

"நீங்க சொல்லுங்க அண்ணி. போடட்டுமா?"

"என்னக் கேட்டா?"

"உங்களத்தான் கேக்கணும். உங்களுக்குத்தானே அவர் எழுதினாரு."

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். எனக்குத் தெரியாத காகிதம். நான் கடைக்குப் போயிருந்தபோது எழுதியதாம். பின்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். போதும் அக்கா என்ற எழுத்து நேராகத் தெரிந்தது.

"கல்யாணமான புதுசுலேர்ந்து அந்தத் தியேட்டர் கதைய எத்தன வாட்டி கேட்டிருப்பேன். எனக்குத் தெரியாதா அண்ணி? மொத நாளே தெரிஞ்சுபோச்சு. பென்சில் நகந்த பக்கத்தப் பாத்ததுமே."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"நீங்க கிறுக்கல்னு சொன்னீங்க. உங்களால தாங்க முடியலன்னு புரிஞ்சுது. சரி, நீங்களா சொல்ற வரைக்கும் இருப்போம்னு இருந்தேன்." காகிதத்தை மடித்துக்கொண்டே, "எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

இரண்டு பேரும் அந்த ஜன்னலோரத்தில் நின்று அழுதோம். வாயைப் பொத்திக்கொண்டுதான். உள்ளே அவனுக்குக் கேட்கக்கூடாதே. அவன் கேட்டதை எல்லாரும் மறைத்தோம், அழுகையையும் மறைத்தோம்.

தாளில் அவள் கையெழுத்துப் போடவில்லை. மகளுக்குப் போன் செய்து நான்தான் சொன்னேன். முதலில் கத்தினாள். பிறகு, "அப்பா கைய அவுத்து விட்டுட்டாங்களா அத்தை?" என்று கேட்டாள்.

மார்ச் 2

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மூக்கில் குழாய் இல்லை. முகம் முகமாக இருக்கிறது. வாடகைக் கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டோம்.

மார்ச் 4

உதட்டை நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. காகிதமும் பென்சிலும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். தொடவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டான் போல.

"அன்னைக்கு எழுதினது எனக்குப் புரிஞ்சுதுடா. பொய் சொன்னேன்" என்று அவன் காதருகே சொன்னேன். கேட்டதா, தெரியாது. மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 5

ஊரைப் பற்றி முழுதும் சரியாகச் சொன்னேன் இன்று. ஒரு பொய் கூட இல்லை. பாலத்துக்கு அவன் சொன்ன நிறத்தையே கொடுத்தேன். தூங்கிக்கொண்டிருந்தான்.

மார்ச் 8

காலையில் போய்விட்டான். நான் அடுப்படியில் இருந்தேன். தம்பி மனைவிதான் கூடவே இருந்தாள். அது அவளுக்குக் கிடைத்ததே நியாயம்.

மார்ச் 9

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 15

வாடகைக் கட்டிலை எடுக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். "பேஷண்ட் எழுந்து நடக்கிறாராம்மா?" என்று ஒருவன் கேட்டான். பழக்கத்தில் கேட்கிறான், பாவம். தம்பி மனைவி, "கட்டிலப் பாத்து எடுங்கப்பா, கதவுல இடிக்கும்" என்றாள்.

ஏப்ரல் 3

கடை திறந்து ஒரு வாரம் ஆகிறது. வியாபாரம் சுமார்.

சாயங்காலம் தம்பி மனைவி போன் செய்தாள். மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. இரண்டு பேரும் சுகம். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. சந்தோஷம் என்று வாயால் சொன்னேன்.

"அண்ணி, பொண்ணு ஒண்ணு கேக்கச் சொன்னா. அவருக்குப் புருவத்துல ஒரு தழும்பு இருக்குமே, சின்ன வயசுல விழுந்ததுன்னு. எங்கேர்ந்து விழுந்தாரு? மரமா, சுவரா? நான் கேட்டிருக்கேன், இப்ப ஞாபகம் வரமாட்டேங்குது."

எனக்கு ரத்தம் ஞாபகம் இருக்கிறது. அம்மா புடவைத் தலைப்பால் அழுத்திப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அவன் அழாமல் என்னைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. எங்கேயிருந்து விழுந்தான்? மரம் மாதிரியும் இருக்கிறது. சுவர் மாதிரியும் இருக்கிறது. எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

"சுவர்" என்றேன். "பள்ளிக்கூடத்துச் சுவர்."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தேன்.

"சரி அண்ணி, சொல்லிடறேன்" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.