நடுச்சந்திக்கு மாற்றல்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி படியேற விடுகிறதா?

என்னை ஸ்டேஷனிலிருந்து போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பயப்படாதீர்கள், தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை தையல்காரர் ஒருவர், மகளைக் காணவில்லை என்று வந்தார். மாதக் கடைசி. வழக்கு குறைந்தால்தான் எங்கள் ஸ்டேஷனுக்கு நல்ல பெயர். அதனால் ஏட்டையா, "ரெண்டு நாள் கழிச்சு வாங்க, பொண்ணு தானா வந்துடும்," என்றார். தையல்காரர் நகரவில்லை. நானே புகாரை எழுதி, எண் போட்டு, நகலைக் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு மட்டும்தான் மனசாட்சி இருக்கா?" என்றார்.

"இல்ல சார், அன்னைக்கு எழுத்து வேலை எனக்கு," என்றேன்.

மறுநாளே வேறோர் ஊர் பஸ் நிலையத்தில் பெண் கிடைத்துவிட்டாள். பாராட்டு ஏட்டையாவுக்கு, மாற்றல் எனக்கு. வம்பை விலைக்கு வாங்கினாயா என்று அம்மா கேட்பாள். மலிவாகத்தான் கிடைத்தது என்று சொல்லுங்கள்.

நின்று நின்று கால் வீங்குகிறது. என் பழைய பருத்திக் காலுறைகளை அனுப்புங்கள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடுவேன், அப்போது போன் செய்யுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போனை டிவி பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

எங்களைச் சந்தியில் இறக்கிவிடும் வேன் வந்துவிட்டது.

உங்கள் மகள்