கிண்ணம் நிறைய நெத்திலித் தலைகள்

அக்கா, இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். எத்தனை முறை சோப்பு போட்டும் விரலில் நெத்திலி வாசம் போகவில்லை. இந்த வாசத்தை வைத்துக்கொண்டு உங்களைத் தவிர யாரிடம் பேசுவது? நீங்கள் இறந்த பிறகு இன்றுதான் மறுபடி நெத்திலி கிள்ளினேன்.

சாலாக் செலாத்தான் ஃபிளாட்டில் நீங்கள் எனக்குக் கீழ்வீடு. பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் இருந்த என் அழுகையை, உடம்பில் ஏறிய காற்று என்றார் மாமியார். வயிற்றை இறுக்கிக் கட்டி, சூடான கல்லால் ஒத்தடம் கொடுத்தார். பாவம், அவருக்குத் தெரிந்தது அது. பார்க்க வந்தவர்கள், "தாய் அழுதா பால் வத்திரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீங்கள் பாசார் சந்தையில் வாங்கிய நெத்திலிப் பையோடு வந்து, தரையில் பழைய பேப்பரை விரித்தீர்கள்.

"குளிச்சியா இல்லியா லா? புள்ளையவிட நீதான் நாறுற. உக்காரு. பேச வேணாம், தலைய மட்டும் கிள்ளு."

தலை பேப்பரில், மீன் கிண்ணத்தில். மாமியார் கடைக்குப் போயிருந்த நேரம், யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, இவளத் தூக்குனாலே கீழ போட்டுருவேனோன்னு இருக்கு. ஜன்னல் பக்கம் போகவே பயமா இருக்கு."

இனி பிள்ளையை என் கையில் தரவே மாட்டார்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஐயோ என்று சொல்லவில்லை. தொட்டிலில் கிடந்தவளை வாரிக்கொண்டு ஓடவும் இல்லை. கை கிள்ளிக்கொண்டே இருந்தது.

"ம். அப்புறம்?"

நான் கிள்ளுவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இது நோவு, மாலா. நீ கெட்டவ இல்ல. நாளைக்கு கிளினிக் போவோம். அதுவரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையை என் மடியில் வைத்தீர்கள். என் கைகளுக்குக் கீழே உங்கள் கைகள் இருந்தன.

மாலையில் சம்பலுக்குக் கிண்ணத்தை எடுத்த மாமியார் கத்தினார்: "யாரு இது, மீனத் தூக்கிப் போட்டுட்டு தலைய எடுத்து வச்சிருக்கிறது!"

"கண்ணு தெரியல ஆன்டி, வயசாச்சுல்ல" என்று சிரித்தீர்கள்.

எட்டிப் பார்த்தேன். அடியில் சுத்தமான மீன். மேலே, நான் பேசத் தொடங்கிய பிறகு நீங்கள் கிள்ளியதெல்லாம், வெறும் தலைகள். அவ்வளவு பயத்தை உள்ளே வைத்துக்கொண்டா, முகம் கொஞ்சமும் மாறாமல் "அப்புறம்?" என்று கேட்டீர்கள்?

இன்று காஜாங்கில் உங்கள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். நீங்கள் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதும் இல்லை. பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். அவளும் வந்து உட்கார்ந்தாள். கிண்ணம் பாதி நிறைந்ததும், "அக்கா போன எடத்துக்கே போயிரலாம்னு இருக்கு" என்றாள்.

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. "ம். அப்புறம்?" என்றேன். அவள் பேசினாள் அக்கா. வேலை முடிந்து வந்த அவள் கணவரிடமும் சொன்னோம். இன்றிரவு அவர் அவளை விட்டு நகரமாட்டார். காலையில் மூவரும் மருத்துவமனைக்குப் போகிறோம்.

கிளம்பும்போது கிண்ணத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

"நாளைக்கு" என்றீர்களே, அந்த நாளை வரும்வரை எப்படி அக்கா உட்கார்ந்திருந்தீர்கள்? கனவிலாவது வந்து சொல்லுங்கள். விடியப்போகிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.