நழுவி வரும் பக்கங்கள்

மார்ச் 3, செவ்வாய்

புதுத் திரை இன்று கல்லாவில் ஏறியது. பழைய பில் மிஷினைத் துடைத்து மேல் தட்டில் வைத்தாயிற்று. இதில் பட்டன் என்று ஒன்றுமே கிடையாது, எல்லாம் தொட்டால் போதும். 'கீல்' என்ற படத்தைத் தொட்டால் கீல் பக்கம் முழுசாக வலப்புறத்திலிருந்து நழுவி வந்து நிற்கிறது, ஜவுளிக்கடையில் துணியை விரித்துக் காட்டுவது மாதிரி. பொருளைத் தொட்டால் அதன் படம் மிதந்து போய்ப் பில்லில் உட்காருகிறது. வாங்குகிறவர் பார்க்க அவர் பக்கமும் ஒரு சின்னத் திரை.

இதைச் செய்து கொடுத்த பெண்ணைக் கடையில் எல்லோரும் திரைக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். பக்கம் மாறுவதைக் கொஞ்சம் வேகமாக்கட்டுமா என்று கேட்டாள். நாள் முழுக்க உட்கார்ந்து பில் போடுகிறவர்களுக்கு இது இழுவையாக இருக்குமாம். நான் இன்னும் மெதுவாக வை என்றேன். நான் பிழைத்ததே அந்த மெதுவில்தான். விலை கூடின பூட்டைப் படக்கென்று எடுத்துப் போட்டால் அது இரும்புத் துண்டு. நிதானமாக எடுத்து, துணியால் ஒரு தடவை துடைத்து, சாவியைத் திருப்பிச் சத்தம் கேட்க வைத்தால்தான் அது பூட்டு. திரைக்கும் அதே கணக்குதான்.

எதிர்ப்பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். வயிற்றெரிச்சல் முகத்தில் தெரிந்தது. இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

மார்ச் 6, வெள்ளி

வீட்டுக்காரி திரையைப் படித்து முடித்துவிட்டாள். எந்தப் படம் எந்த மூலையில் என்று மனப்பாடம். பழைய மிஷினிலும் இவள் பட்டனைப் பார்த்ததே கிடையாது. கண் முழுக்க வாங்குகிறவர் கையிலும் சரக்கிலும் இருக்கும். நான் மெதுவாகக் காட்டுவேன், அவர் மனசு மாறுவதற்குள் இவள் பில்லைக் கிழித்துக் கொடுத்துவிடுவாள். ஒற்றைக் கதவு ஆணிக்கடை இவ்வளவு பெரிய ஹார்டுவேர் கடையானது இந்த ஒரே வித்தையில்தான்.

இவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தது வாடிக்கையாக வருகிற பிளம்பர். "எக்ஸ்பிரஸ் அக்கா, பில்லு" என்று அவன் வாசலிலேயே குரல் கொடுப்பான். இன்றும் கொடுத்தான். திரை வந்தும் எக்ஸ்பிரஸ் எக்ஸ்பிரஸ்தான்.

மார்ச் 14, சனி

தச்சர் திரும்பி வந்தார். கொண்டுபோனது நாலு இஞ்ச் கீல், பில்லில் மூன்று இஞ்ச். நஷ்டம் நமக்குத்தான்; நல்ல மனுஷர், நடந்து வந்து சொன்னார். இவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கை தவறுவது சகஜம்.

மார்ச் 21, சனி

சகஜம் இல்லை. முக்கால் இஞ்ச் குழாய்க்கு அரை இஞ்ச் விழுகிறது. பெரிய தாழ்ப்பாளுக்குச் சின்னது. எப்போதும் கேட்டதற்குப் பக்கத்துப் பொருள். கண் கோளாறா? கண்ணாடி மாற்றிக் கொஞ்ச நாள்தானே ஆகிறது.

"நான் சரியாத்தாங்க தொட்டேன்" என்று சாதிக்கிறாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போது ஒரு தப்பும் இல்லை, பார்த்துப் பார்த்துத் தொட்டாள். நான் நகர்ந்து கூட்டம் சேர்ந்ததும் மறுபடி தப்பு. அப்படியானால் கவனம்தானே இல்லை?

திருத்தித் திருத்திப் பில் போட்டதில் வரிசை வாசல் வரை நின்றது. எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆயிடுச்சே என்றான் பிளம்பர். எல்லோரும் சிரித்தார்கள், இவளும் கூட. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 30, திங்கள்

வாயை அடக்கியிருக்க வேண்டும்.

காலையில் ஒரு கட்டட மேஸ்திரி, பெரிய ஆர்டர். நான் மணிக்கணக்கில் பேசி முடித்து அனுப்பியதை இவள் கல்லாவில் ரெண்டு இடத்தில் தப்பாகப் போட்டாள். மேஸ்திரி, "உங்க பில்லை நம்பலாமா அண்ணே?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. அவர் முன்னாலேயே, பிளம்பர் முன்னாலேயே, இவளைப் பார்த்துக் கேட்டேன்: "உங்கம்மாவுக்கு வந்தது உனக்கும் வந்துடுச்சா?"

மாமியார் கடைசி வருஷம் பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரும்மா" என்று கேட்டவர். இவள் தினமும் போய்த் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சோறு ஊட்டுவாள். எல்லாம் தெரிந்த நான்தான் அதைக் கேட்டேன்.

இவள் எழுந்து உள்ளே போனாள், முகம் கழுவிக்கொண்டு வந்தாள், விட்ட இடத்திலிருந்து பில் போட்டாள். பிளம்பர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மார்ச் 31, செவ்வாய்

சாப்பாடு மட்டும் வந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

மகள் வெளியூரிலிருந்து போனில் பிடிவாதம் பிடித்ததால் டாக்டரிடம் போனோம். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தாள். சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். சொன்னாள். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. ஆறு மாசம் கழிச்சு வாங்க, பாக்கலாம்" என்றார்.

எனக்கு 'ஒண்ணும் தெரியல' காதில் விழுந்தது. இவளுக்கு 'இப்போதைக்கு' மட்டும்தான் விழுந்திருக்கிறது. ஆட்டோவில் வரும்போது திரும்பத் திரும்ப அதைத்தான் முணுமுணுத்தாள்.

ஏப்ரல் 9, வியாழன்

கல்லாச் சாவியை இவளே கழற்றிக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. — கேட்கவில்லை என்று எழுதிக்கொள்வதில் என்ன பெருமை? கேட்கிற மாதிரிதானே நின்றேன்.

மச்சானை உட்கார வைத்திருக்கிறேன். இவளுடைய தம்பி, நகம் வெட்டவே ஒரு காலைப் பொழுது எடுக்கிற ஆள். பக்கம் நழுவி வந்து நிற்கும் வரை சினிமா பார்ப்பது போல வாயைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் விரலை நீட்டுகிறான். வரிசை நீளுகிறது, ஆனால் பில்லில் ஒரு தப்பு இல்லை.

ஆக, திரைமேல் பழி போட முடியாது. சந்தேகம் தீர்ந்தது என்று நினைத்தபோது சந்தோஷமாக இல்லை.

ஏப்ரல் 20, திங்கள்

வீட்டில் இவள் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்க்கிறாள். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிறாள், பாதிப் படி இறங்கி மறுபடி ஏறுகிறாள். பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுப்பு. சாமி பெயர் என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டால் போன் நம்பர்கள். மகளுடையது, தம்பியுடையது, என்னுடையது, பழைய ஆணிக்கடையுடையது. மறந்துவிட்டதா என்று தன்னையே சோதித்துக்கொள்கிறாள்.

மதியம் குழம்பில் இரண்டு தடவை உப்பு. பேசாமல் சாப்பிட்டேன். பேசாமல் சாப்பிட்டதே தப்பாகப் போயிற்று. என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 2, சனி

எக்ஸ்பிரஸ் எப்போ வரும் என்று பிளம்பர் கேட்டான். உடம்பு சரியில்லை என்றேன். மச்சான் பில் போட்டு முடிக்கும் வரை கடையில் பேச்சே இல்லாமல் நிற்கிறார்கள். முன்பெல்லாம் இந்நேரம் அவர்கள் கிண்டலும் இவள் பதிலுமாகக் கடை அதிரும்.

மே 18, திங்கள்

எழுதவே கை கூசுகிறது.

மச்சானுக்குப் பல்வலி, வரவில்லை. நான் கல்லாவில் உட்கார்ந்தேன். திங்கள் காலை, வேலைக்குப் போகிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில். எனக்குத் திரை பழக்கமில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் இடம் பிடிபட்டுவிட்டது. பிளம்பருக்கு முக்கால் இஞ்ச் குழாய். 'குழாய்' தொட்டேன், முக்கால் எங்கே இருக்கும் என்று தெரியும், உடனே அங்கே தொட்டேன். முகம் மட்டும் அவன் பக்கம்.

"அண்ணே, அரை இஞ்ச் போட்டுட்டீங்க."

திருத்தினேன். அடுத்தவருக்கும் அப்படியே. நான் தொட்டது சரியான இடம். அடித்துச் சொல்வேன். 'நான் சரியாத்தாங்க தொட்டேன்.'

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மெதுவாகத் தொட்டேன், சரி. வேகமாகத் தொட்டேன், தப்பு. மறுபடி மெதுவாக. மறுபடி வேகமாக. பக்கம் நழுவி வந்துகொண்டே இருக்கும்போது, நாலு இஞ்ச் கீல் வந்து உட்கார வேண்டிய இடத்தை மூன்று இஞ்ச் கடந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் விரல் பட்டால் மூன்று இஞ்ச் விழுகிறது. மச்சான் படம் பார்த்துவிட்டுத் தொடுகிறவன், அவனுக்குத் தப்பே வராது.

இவள் மறக்கவில்லை. தடுமாறவில்லை. கை மந்தமாகவில்லை. இவள் கை திரையைவிட வேகம். அவ்வளவுதான். அந்தத் திரையை இன்னும் மெதுவாக வை என்று சொன்னது யார்?

மே 19, செவ்வாய்

திரைக்காரம்மா வந்தாள். அன்னைக்கே சொன்னேனே அண்ணே என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அப்புறம் நேர்மையாகவே சொன்னாள், பக்கம் ஓடும்போது தொடுதலை ஏற்காமல் வைத்திருக்க வேண்டும், அது தன் தப்பு என்று. ஏதோ ஒரு எண்ணை மாற்றினாள். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஓட்டம் போய்விட்டது. தொட்டால் அங்கேயே பக்கம் வந்து நிற்கிறது. வெறிச்சென்று இருக்கிறது, ஆனால் எவ்வளவு வேகமாகத் தொட்டாலும் தப்பு இல்லை.

இவ்வளவு சின்ன வேலைக்கா?

மே 20, புதன்

இவளிடம் சொன்னேன். அழுவாள், அல்லது சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"சரி. குழம்புல ரெண்டு தடவ உப்பு போட்டேனே, அதுவும் திரை பண்ணின வேலையா?"

பயத்தில் வந்த தப்பு அது என்றேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க யாவாரி. ஆறுதலும் நல்லாத்தான் விப்பீங்க."

வாழ்நாளில் நான் உண்மையாகச் சொன்ன ஒன்றை இப்படி ஒருவரும் திருப்பி அனுப்பியதில்லை. இன்னும் நல்லா சொல்லியிருக்கணுமோ? எப்படிச் சொன்னாலும் விற்கிற மாதிரிதான் கேட்டிருக்குமோ? என்னால வேற எப்படிப் பேச முடியும்?

மே 24, ஞாயிறு

கடை விடுமுறை. திரைக்காரம்மாவிடம் கெஞ்சி, இன்று ஒரு நாளைக்குப் பழைய ஓட்டத்தையே திரும்பப் போட வைத்தேன். இவளைக் கூட்டிக்கொண்டு போனேன். "நீயே பாரு. முன்ன மாதிரி தொடு" என்றேன்.

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு தொட்டாள். தப்பு. மெதுவாகத் தொட்டாள். சரி. வேகமாக, மெதுவாக, வேகமாக — நான் தனியாகச் செய்த அதே வேலை. கடைசியில் விரலைத் திரையிலேயே வைத்துக்கொண்டு, பக்கம் அடியில் நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயிற்று.

"என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க. மிஷினை ஒருத்தர்கிட்ட காட்டணும்னு தோணல, இல்ல?"

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன். "உன் பேச்சைவிட அதை நம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஷட்டரை நான்தான் இறக்கினேன். பூட்டை இவள் இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

மே 25, திங்கள்

வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை.

ஜூன் 8, திங்கள்

இவளே கிளம்பி வந்தாள். மச்சான் மரியாதையாக எழுந்து நாற்காலியைத் துடைத்தான். அவன் வாழ்க்கையில் சீக்கிரம் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஜூன் 15, திங்கள்

காலை நெரிசல். மேஸ்திரி நாலு இஞ்ச் கீல் கேட்டார். அதே மேஸ்திரிதான். இவள் 'கீல்' தொட்டாள். பக்கம் அந்த நொடியே வந்து நின்றது. நழுவல் இல்லை, மிதப்பு இல்லை. விரல் மட்டும் இறங்கவில்லை. இன்னும் ஏதோ வந்து சேர வேண்டியது போலத் திரைக்கு மேலே நின்றது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நாலு இஞ்ச்தானே?"

"நாலு இஞ்ச்தான்."

தொட்டாள். பில்லை இரண்டு தடவை படித்துவிட்டுக் கிழித்தாள். ஒவ்வொருவருக்கும் இப்படியே. ஒரு தப்பும் இல்லை. "அக்கா இப்பதான் என் வேகத்துக்கு வந்திருக்கு, மாமா" என்றான் மச்சான், நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு. பிளம்பர் வந்து, "அக்கா, பில்லு" என்றான். முன்னால் ஒரு வார்த்தையை விட்டுவிட்டான், இரக்கப்பட்டுத்தான் விட்டிருப்பான். இவளும் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

திரையின் ஓட்டத்தை ஒரு எண்ணை மாற்றி நிறுத்திவிட்டாள் திரைக்காரம்மா. இதற்கு யாரைக் கூப்பிடுவது?

இப்போதெல்லாம் நான் சரக்கை முன்னைவிட மெதுவாக எடுத்து வைக்கிறேன். பூட்டு என்று இல்லை, எல்லாவற்றையும். இன்று ஆணிப் பொட்டலத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஆணிக்கு எதுக்கு அண்ணே பவுடர் போடுறீங்க?" என்றான் பிளம்பர். இருக்கட்டும்பா என்றேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன். அவன் சொல்லி முடித்ததும் பசங்க படிப்பைக் கேட்டேன். ஓரக்கண்ணால் பார்த்தால், இவள் விரல் இன்னும் திரைக்கு மேலேதான் நின்றது. பொட்டலத்தைத் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கத்தையும் துடைக்க ஆரம்பித்தேன்.