எல்லா வீட்டிலும் எழுபத்திரண்டு

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிவிட்டு, அது சரிதானா என்று யோசித்து, பக்கத்தில் "பெரும்பாலும்" என்று செருகியிருக்கிறேன், அந்தத் திருத்தத்துக்குக் காரணம் கீழே வரும், பயப்படாதே. உன் நலத்தைப் பற்றியும் கீழே வரும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவதற்குள் நீ "சரிப்பா, வச்சிடட்டுமா" என்பாய், நானும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வைத்துவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி இல்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன், இது நாலாவது, இதில் கோழைத்தனம் சற்றுக் குறைந்திருப்பதாகத் தோன்றுகிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மா இன்னும் கொய்யாப்பழத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழுவுகிறாள். போன வாரம் மின்சார ஆபீசிலிருந்து வந்த கடிதத்தையும் கழுவி, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள், எழுத்தெல்லாம் ஓடிவிட்டது, கிருமி செத்ததா தெரியாது, செய்தி செத்துவிட்டது. உன் சித்தி, பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் நோய் இல்லை என்று ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பினாள். மாமா முப்பது விநாடி அடக்கிப் பார்த்தார், கண்ணை இருட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்தார், இப்போது தனக்கு நோய் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முகக்கவசத்தைத் தாடைக்குப் போட்டுக்கொண்டு, இளைஞர்களுக்குப் பொறுப்பில்லை என்று என் முகத்துக்கு அரை அடி தூரத்தில் நின்று விளக்குகிறார். நான் தலையாட்டுகிறேன். தலையாட்டுவதில் எனக்கு இருக்கும் திறமை உனக்குத் தெரியாததா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னாயாம், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னாயாம். உன் அம்மா அந்த ரகசியத்தைச் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும் வரைக்கும் கட்டிக் காப்பாற்றினாள். வார்டில் ஒரு வயதான அம்மாளுக்கு நீ நாடி பார்த்திருக்கிறாய், நூற்றுப் பதினெட்டு வந்திருக்கிறது, முந்தின ஷிப்டில் எழுதியிருந்தது எழுபத்தெட்டு, நீ உன் எண்ணிக்கையை நம்பாமல் எண்பது என்று எழுதியிருக்கிறாய். அரை மணி நேரத்தில் தலைமை நர்ஸ் வந்து பார்த்துக் கண்டுபிடித்து, அந்த அம்மாளைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றி, நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டு, இப்போது எழுந்து உட்கார்ந்து எல்லாரையும் திட்டுகிறாராம். தலைமை நர்ஸ் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் விரல் என்ன சொல்லுச்சு?" என்று கேட்டாராம். நீ நூற்றுப் பதினெட்டு என்றாயாம். பிறகு ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலை அம்மா அப்படியே சொன்னாள். "எனக்கு எப்பவுமே தப்பாத்தான் வரும் மேடம், வீட்லயும் அப்படித்தான்."

அதைக் கேட்டதும் நான் எழுந்து போய்ச் சட்டை மடிக்கத் தொடங்கினேன். ஏற்கெனவே மடித்த சட்டை. எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது, அதைத்தான் மூன்று முறை கிழித்தேன்.

உங்கள் கல்லூரியை மூடி உன்னை வீட்டுக்கு அனுப்பிய அந்த எட்டு மாதத்தை நினைத்துப் பார். நர்சிங்கைப் போனில் கற்றுக்கொடுத்த மகத்தான காலம். ஸ்பாஞ்சுக்கு ஊசி போட்டாய், தலையணையைக் குளிப்பாட்டினாய், என்னைக் கட்டிலில் போட்டு உருட்டி உருட்டி விரிப்பு மாற்றினாய், என் அகராதிகளை அடுக்கி அதன்மேல் நிறுத்திய போனிலிருந்து உன் ஆசிரியை "நோயாளி சிரிக்கக் கூடாது" என்றார். மன அழுத்தத்தை வெல்வது எப்படி என்று இரண்டு மணி நேரம் ஒரு நிபுணர் பேசினார், வராதவர்களுக்கு வருகைப் பதிவு கிடையாது என்று மிரட்டி உட்காரவைத்தார்கள், நடுவில் இணையம் போய்விட, மைக் அணையாதது தெரியாமல் அந்த நிபுணர் தன் உதவியாளரைப் பத்து நிமிடம் வைத வசவு இருக்கிறதே, அன்றைய வகுப்பில் மனம் விட்டுப் பேசியவர் அவர் ஒருவர்தான். அப்புறம் அந்த வெள்ளிக்கிழமைப் படிவம். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம், இந்த வாரம் நீ எந்த முகம் என்று தொட வேண்டும். அழும் முகத்தைத் தொட்டால் ஆலோசகர் வார்டனுக்குச் சொல்வார், வார்டன் வீட்டுக்குச் சொல்வார், வீட்டிலிருந்து அழுகை தொடங்கும், போதாக்குறைக்கு வார்டுப் பயிற்சிப் பட்டியலிலிருந்தும் பெயர் போகும். ஆகவே கல்லூரி முழுக்க எல்லாரும் சிரித்தீர்கள். நோய் பரவியதைவிட வேகமாக மகிழ்ச்சி பரவியது.

அந்தக் காலத்தில்தான் நாடி பார்க்கும் பாடம் வந்தது. வீட்டிலுள்ள ஆரோக்கியமான பெரியவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தினமும் அளவு எடுத்து நோட்டில் எழுத வேண்டும், இயல்பான எழுபத்திரண்டிலிருந்து வெகுவாக விலகும் எண்கள் மாணவியின் பிழையாகக் கருதப்படும் என்று எழுதியிருந்தது. அம்மா, கையைப் பிடித்தது போதும் பாத்திரத்தைப் பிடி என்று விலகிவிட்டாள், மிஞ்சியது நான். முதல் நாள் நீ ஒரு நிமிடம் முழுதாக எண்ணிவிட்டு, தொண்ணூற்று நாலுப்பா, நடுநடுவில் ஒன்று விட்டுவிட்டு வருகிறது என்றாய். எனக்கு இரண்டு பயம் ஒன்றாக வந்தது. முதல் பயம், உன் மதிப்பெண் போய்விடும். இரண்டாவது பயம், நீ சொல்வது நிஜமாக இருந்தால் நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அந்த நாளில் ஆஸ்பத்திரிக்குள் போனவர்கள் வெளியே வருவதைப் பற்றி என்னென்ன பேசிக்கொண்டார்கள் என்று உனக்கே தெரியும். எது பெரிய பயம் என்று உன்னிடம் இன்றுவரை சொன்னதில்லை. இரண்டாவதுதான்.

ஆகவே, காலையிலேயே நான் எண்ணிவிட்டேன், எழுபத்திரண்டு, நீ மறுபடி எண்ணு என்றேன். நான் எண்ணவே இல்லை. நீ மறுபடி எண்ணினாய், தொண்ணூற்றாறு. அப்போது நான் ஒன்று சொன்னேன், உனக்கு ஞாபகம் இருக்கும். "நீ உன் கட்டைவிரலோட துடிப்பைச் சேர்த்து எண்ணுறேம்மா." உன் பாடப் புத்தகத்தை உனக்கு முன்னால் படித்துவைத்திருந்தேனே, அதிலிருந்து எடுத்த பொய். நீ மூன்று விரலை வைத்து, புத்தகத்தில் போட்டிருக்கிறபடி, ஒழுங்காகத்தான் பிடித்திருந்தாய். என் முகத்தைப் பார்த்தாய், உன் விரலைப் பார்த்தாய், பென்சிலில் எழுதியதை அழித்துவிட்டுப் பேனாவால் எழுபத்திரண்டு என்று எழுதினாய். மூன்றாவது வாரத்தில் நீ எண்ணி முடித்ததும் எழுதுவதை விட்டு, "இன்னைக்கு எவ்வளவுப்பா?" என்று என்னைக் கேட்கத் தொடங்கினாய். நானும் கூச்சமில்லாமல் சொன்னேன். தினமும் எழுபத்திரண்டு என்றால் பொய் பல்லிளிக்கும் என்று எழுபத்தொன்று, எழுபத்துமூன்று என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். வானிலை நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் வெப்பமானியும் மழைமானியும் பார்த்தவன், இருந்த இடத்திலிருந்தே மழையை எழுதி அனுப்பும் சோம்பேறிகளைக் கண்டுபிடிப்பதில் பேர் வாங்கியவன், பொய் எண் எப்படி இருக்கக் கூடாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும். மேலதிகாரி ஒரு முறை ஒரு நாள் வெப்பத்தை அரை டிகிரி குறைத்து எழுதச் சொன்னபோது, மறுத்துப் பேசத் தைரியமில்லாமல், எண்ணை மாற்றவும் மனமில்லாமல், பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன் என்று உனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வெயிலுக்குக் காட்டிய நேர்மை அது.

இதில் சிரிப்பு என்னவென்றால், பிறகு நடந்த பெற்றோர் கூட்டம். திரையில் உங்கள் முதல்வர் ஒரு வரைபடம் போட்டு, அறுபது மாணவிகளின் வீட்டு அளவுகளும் எழுபதுக்கும் எழுபத்துநாலுக்கும் நடுவில் இருக்கின்றன, இது நம் பிள்ளைகளின் துல்லியம் என்றார். எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அறுபது வீட்டில், மாடி ஏறியவர், மருமகளோடு சண்டை போட்டவர், காய்ச்சலில் கிடந்தவர் எல்லாருக்கும் ஒரே இதயம். ஒரு மழை நிலையம் இப்படி எண் அனுப்பியிருந்தால் மறுநாளே ஆள் அனுப்பிச் சோதனை போட்டிருப்போம். ஒவ்வொரு வீட்டிலும் என்னைப் போல ஒருவர் சோபாவில் உட்கார்ந்து எழுபத்திரண்டு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

உன் பதிலை அம்மா சொன்ன அன்று அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "முப்பத்து நாலு வருஷம் வெயிலையும் மழையையும் ஒழுங்கா எழுதினீங்க. பெத்த பொண்ணோட கையை மட்டும் பொய்யாக்கிட்டீங்க" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் டாக்டரிடம் போகலாம் கிளம்புங்க என்பதற்காகத்தான் வாயைத் திறந்தாள். போனோம். ஈசிஜி எடுத்தார்கள், இயந்திரம் தொண்ணூற்றைந்து என்றது, நடுநடுவில் தாளம் தப்புகிறது என்றது. ரொம்ப நாளாக இருக்கும் போலிருக்கிறதே, யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். என் மகள் ஒன்றரை வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள், நான்தான் அவளைத் திருத்திவிட்டேன் என்றேன். அவர் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை என்றார், இது நான் மாற்றிச் சொல்லவில்லை, சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே படித்துக்கொள்.

இன்னொரு நகலும் இருக்கிறது. நீ படம் எடுத்துக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு இங்கேயே போட்டுப்போன அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். பென்சிலை அழித்தாலும் அழுத்தின தடம் போகாது. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எழுபத்திரண்டுக்கு அடியில் தொண்ணூற்று நாலு தெரிகிறது. நாலு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். பேனாவில் எழுதியது நூற்றுப் பதினாலு நாள், அதில் நீ பென்சிலில் எழுதிவிட்டு அழித்தது முதல் பத்தொன்பது நாள்தான், அதற்குப் பிறகு தடமே இல்லை, அதற்குள் உன் விரலின் வாயை அடைத்துவிட்டேன். அந்தப் பத்தொன்பதையும் சிவப்பு மையால் மேலே எழுதி, நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்று, இரண்டு இடத்தில் ஓரத்தில் "விட்டு வருது" என்றுகூட எழுதி அழித்திருக்கிறாய். பத்தொன்பதில் ஒன்றுகூடத் தப்பில்லை, வாலு. தப்பு என்று சொன்னவன்தான் தப்பு.

படிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன், இந்த வீட்டில் என் தீர்ப்புக்கு இப்போது அவ்வளவு மரியாதை இல்லை. ஒரு வருஷமாகப் பிளாஸ்டிக் உடைக்குள் வியர்த்துக்கொண்டு, கூடப் பேசிக்கொண்டிருந்தவர் மறுநாள் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமையானால் சிரிக்கும் முகத்தையும் தொட்டுக்கொண்டிருக்கிறாய். களைத்துப்போய்விட்டேன் என்றால் நாளைக்கே வா, பயமாக இருக்கிறது என்றாலும் வா, உன் கட்டில் அப்படியே இருக்கிறது, அம்மா அதில் உலர்ந்த துணியைக் குவித்திருக்கிறாள், எடுத்துவிடுவோம். என் கைக்கு எதுவும் வராது என்று மட்டும் வராதே. அந்தக் காரணம் உன்னுடையது அல்ல, நான் பயத்தில் உன் கையில் திணித்தது. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். உங்கள் கல்லூரி முதல்வருக்கும் ஒரு கடிதம் எழுதி, அந்த நோட்டுக்கு உனக்குக் கொடுத்த மதிப்பெண்ணைக் குறைக்கும்படியும், விரல்களுக்கு உரியதைக் கூட்டும்படியும் கேட்டிருக்கிறேன். மகளின் மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லி எழுதும் முதல் தகப்பன் நானாகத்தான் இருப்பேன். நீ சரி என்றால் அனுப்புகிறேன், அவமானமாக இருக்கும் என்றால் சொல், கிழித்துவிடுகிறேன், எனக்குக் கிழித்துப் பழக்கம்.

எங்கள் இருவரின் ஆசிகளும் உனக்கு எப்போதும் உண்டு, அம்மா தன் பங்கை என் பங்கோடு சேர்க்க வேண்டாம், தனியாக எழுதுங்கள் என்றாள், எழுதிவிட்டேன். காதுக்குப் பின்னால் முகக்கவசக் கயிறு அறுத்த புண்ணுக்கு மருந்து போட மறக்காதே. நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ணு, கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதே, வந்ததை எழுது. இன்று காலை அம்மா கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். எண்பத்தெட்டு என்றாள், இரண்டு தடவை விட்டுப் போனது என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. நீ தினமும் போனில் நல்லா இருக்கேன்ப்பா, சாப்பிட்டேன்ப்பா, தூங்கினேன்ப்பா என்கிறாயே, அந்த மூன்று எழுபத்திரண்டும் எனக்குப் போதும், இனி வேண்டாம். பதில் எழுது, இரண்டு வரியானாலும் பென்சிலில் எழுது. நலம் என்று மட்டும் எழுதியிருந்தால் ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன்.

உன் முதல் நோயாளி,
அப்பா