எண்பதில் கிளம்புங்கள்

நாயுடுபுரம், கொடைக்கானல்
12-11-2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அமீருன்னிசா எழுதுகிறேன். நானும் மிஸ்பாவும் அல்லாஹ் கிருபையில் சுகம். நாலு நாளாக மேகம் தரையோடு இறங்கிக் கிடக்கிறது, துணி ஒன்றும் காயவில்லை. உங்களுக்கு அங்கே வெயில் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதுகுவலி எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால் ஒருநாளும் பதில் சொல்வதில்லை. இந்தக் கடிதத்துக்காவது பதில் எழுதும்போது சொல்லுங்கள்.

போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று சிரிப்பீர்கள். போனில் நீங்கள் என்னை முழுதாகப் பேச விட்டால்தானே. அறையில் ஆறு பேர், ஒருவர் தூங்குகிறார், ஒருவர் தொழுகிறார் என்று சொல்லிச் சொல்லியே பத்து நிமிஷம் போய்விடுகிறது. 'சரி சரி, விலையை மட்டும் சொல்லு' என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது. பாத்திரக்கடை வீட்டு மருமகன் வெள்ளிக்கிழமை தம்மாமுக்குக் கிளம்புகிறார். அவர் பெட்டியில் உங்களுக்கு மலைப்பூண்டு ஊறுகாயும், கார் கம்பெனிக்காரர்கள் கொடுத்த படப் புத்தகமும், இதுவும் வருகின்றன.

நீங்கள் சொன்னபடியே மின்சாரக் காரைப் பார்த்துவிட்டேன். பார்த்தது மட்டுமில்லை, அதை வரிசையாகச் சொல்கிறேன். வத்தலக்குண்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஷோரூமுக்கு, டாக்ஸி ஓட்டும் நம் முத்து அண்ணன் போன் போட்டுச் சொன்னார். மலையில் ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே அங்கே வேலை பார்க்கும் பெண்ணே வண்டியை ஓட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்துவிட்டாள். சண்முகப்பிரியா என்று பெயர், அய்யம்பாளையத்துப் பெண். வயது இருபத்தைந்துகூட இருக்காது. வாசலில் வண்டி வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. பால்காரர்தான் கதவைத் தட்டிச் சொன்னார்.

முதலில் நீங்கள் கேட்ட விலை. மூன்று மாடல் இருக்கிறது. கீழ் மாடல் ஏழு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம். நடு மாடல் எட்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். இரண்டுக்கும் பேட்டரி ஒன்றுதான், இருபத்து நாலு யூனிட் கொள்ளும். நடு மாடலில் பெரிய திரையும், பின்னால் பார்க்கும் கேமராவும், அலாய் சக்கரமும் சேர்ந்து வருகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். மேல் மாடல் பதினொரு லட்சத்துப் பத்தாயிரம். அதற்குத்தான் பெரிய பேட்டரி. கூரையில் கண்ணாடி வேறு. இந்த ஊர் மழையில் யார் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று கேட்டேன், அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இதற்கு மேல் பதிவும் இன்சூரன்ஸும் தனி. மின்சார வண்டிக்கு சாலை வரி இப்போது இல்லை என்றாள். டாக்ஸியாகப் பதிந்தால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து.

இன்னொரு வழியும் சொன்னாள். பேட்டரி இல்லாமல் காரை மட்டும் ஐந்தரை லட்சத்துக்கு வாங்கிக்கொள்ளலாமாம், பேட்டரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை கட்டலாமாம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியே ஆக வேண்டும். வீட்டை வாங்கிவிட்டு அடுப்புக்கு வாடகை கொடுப்பது போல இருக்கிறது, அது நமக்கு வேண்டாம்.

பேட்டரிக்கு எட்டு வருஷம் உத்தரவாதம். வீட்டில் கீசருக்குப் போடுவோமே பதினைந்து ஆம்பியர் பாயின்ட், அதிலேயே சார்ஜ் ஏறும். ஆனால் ஒன்பது மணி நேரம் பிடிக்கும். வத்தலக்குண்டில் வேக சார்ஜர் இருக்கிறது, அதில் முக்கால் மணி நேரம் போதும். ஏசி நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள். எங்களுக்கு ஹீட்டர்தான் முக்கியம் என்றேன். அதுவும் இருக்கிறது, போட்டால் கொஞ்சம் சார்ஜைத் தின்னும். நான்கு பேர் தாராளமாக உட்காரலாம், ஐந்தாவது ஆள் ஒல்லியாக இருக்க வேண்டும். டிக்கியில் இரண்டு பெரிய பெட்டி வைக்கலாம். நீங்கள் வழக்கமாகக் கொண்டுவரும் அந்த நீலப் பெட்டியின் அளவை மிஸ்பா ஸ்கேலை வைத்து அளந்து வந்திருந்தாள். நன்றாகவே நுழையும்.

இனி ஓட்டிப் பார்த்த கதை. சண்முகப்பிரியா கீழே கிளம்பும்போது தொண்ணூற்றைந்து சதவீதம் இருந்ததாம். நம் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நாற்பது. முத்து அண்ணனுக்கு முகமே விழுந்துவிட்டது. 'ஒரு தடவ மலையேறுனதுக்கே பாதிக்கு மேல தின்னுருச்சே, இத வச்சு என்ன சோலி பாக்க' என்றார். எறங்கும்போது சார்ஜ் திரும்ப ஏறும், பாருங்கண்ணே என்று சாவியைக் கொடுத்தாள் அவள். நானும் மிஸ்பாவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டோம். அண்ணன் ஓட்டினார்.

வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டியது, பெருமாள்மலை வந்தது, திரையில் அதே நாற்பது. ஒரு புள்ளிகூட ஏறவில்லை. பிரேக் வாடை வேறு வந்தது. அப்புறம்தான் அந்தப் பெண் எட்டிப் பார்த்து, 'அண்ணே, நியூட்ரல்ல போட்டுருக்கீங்க' என்றாள். ஆமாம் மச்சான், இறக்கம் வந்ததுமே அண்ணன் கை தானாகப் போய் நியூட்ரலுக்குத் திருகிவிட்டிருக்கிறது. 'இருவது வருசமா இந்த மலையில எறங்குறேன். எறக்கத்துல நியூட்ரல் போடாம ஓட்டுனா டீசல் யார் அப்பன் வீட்டுக் காசு' என்று அவர் சொல்ல, 'இதுல டீசலே இல்லியேண்ணே' என்று அவள் சொல்ல, அண்ணன் பெருமாள்மலை டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் டீ சொன்னார். நீங்களும் அதே நியூட்ரல் கட்சிதான், அதனால் அண்ணனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

அந்த இடத்தில்தான் ரோடு பிரிகிறது, ஒன்று என் அம்மா வீட்டுக்கு, பழனிக்கு. கல்யாணமான புதிதில் நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்த அந்தப் பழைய வேனில் அந்த ரோட்டில் என்னைக் கூட்டிப் போனது ஞாபகம் வந்தது. இறக்கத்தில் நியூட்ரல் போட்டு எஞ்சினையும் அணைத்துவிடுவீர்கள். எனக்கு உயிரே போய்விடும். 'பயப்படாத, இப்ப கேளு' என்பீர்கள். காற்றும், மரத்திலிருந்து சொட்டும் தண்ணீரும், தூரத்தில் ஏதோ பறவையும், அவ்வளவுதான் கேட்கும். எட்டு மைல் தூரம் ஒரு வார்த்தை பேச மாட்டீர்கள். இந்தக் காரில் ஏறும்போதும் அப்படித்தானாம், இறங்கும்போது நானே கேட்டுவிட்டேன். புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூடப் போடவில்லை. டீக்கடை வாசலில் எனக்குக் கண் கலங்கியதை மிஸ்பா பார்த்துவிட்டாள், குளிர்க்காற்று என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஒன்று சொல்லப் போகிறேன், கோபப்படக்கூடாது. பெருமாள்மலையிலிருந்து கீழே காமக்காபட்டி செக்போஸ்ட் வரை வண்டியை ஓட்டியது நான். லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. முத்து அண்ணனுக்கு மட்டும் தெரியும். மழையில் மிஸ்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆட்டோவுக்காக எத்தனை நாள்தான் நின்றுகொண்டிருப்பது. எனக்கு நியூட்ரல் வித்தையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. பயத்தில் கியரிலேயே விட்டுவிட்டுப் பிரேக் பக்கத்தில் காலை வைத்துக்கொண்டிருந்தேன். காலை எடுத்தாலே வண்டி யாரோ பின்னால் பிடித்திருப்பது போல மெதுவாக இறங்குகிறது. அப்படிப் பிடித்துக்கொள்ளும்போதுதான் பேட்டரி ஏறுகிறது. ஊத்து தாண்டியபோது நாற்பத்து மூன்று. டம்டம் பாறையில் நாற்பத்தைந்து. செக்போஸ்ட்டில் நாற்பத்தெட்டு. மிஸ்பா ஒவ்வொரு புள்ளிக்கும் கை தட்டினாள். முத்து அண்ணன், 'புதுசா பழகுனவதான் இதுக்குச் சரி' என்று ஒப்புக்கொண்டார். நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன்.

அங்கே வண்டியை ஓரமாக நிறுத்தியபோது சண்முகப்பிரியா ஒன்று சொன்னாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 'அக்கா, நீங்க மேல இருக்கிறவுங்க. ராத்திரி சார்ஜ் போட்டா நூறு வரைக்கும் ஏத்தாதீங்க. எண்பதுல நிறுத்திட்டுக் கெளம்புங்க' என்றாள். ஏன் என்று கேட்டேன். நிறைய நிறைத்துவிட்டால், மலை திருப்பிக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காதாம். வண்டியும் பிடிக்காதாம், காலால் பிரேக்கை மிதித்தே இறங்க வேண்டுமாம். கீழே இருப்பவர்கள் நிறைத்துக்கொண்டு ஏற வேண்டும், மேலே இருப்பவர்கள் இடம் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஊரெல்லாம் ஒரு கணக்கு, நமக்கு வேறு கணக்கு.

அவள் வண்டியை ஷோரூமுக்குக் கொண்டு போய்விட்டாள். நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்பதில் கிளம்பினால் வத்தலக்குண்டு போய்ச் சேரும்போது எண்பத்தெட்டு. திரும்பி மலையேறி வாசலுக்கு வந்தாலும் முப்பதுக்கு மேல் மிச்சம். ஏரி, தூண் பாறை, பூம்பாறை என்று டூரிஸ்ட்டைச் சுற்றிக்காட்ட ஒரு நாளைக்கு இது போதும். சின்ன பேட்டரிதான் மச்சான், கீழ் மாடல்தான். கையில் இருப்பதையும் கொஞ்சம் பேங்க் லோனையும் வைத்து இந்த மாதமே எடுத்துவிடலாம்.

மேல் மாடல் எடுக்க வேண்டும் என்றால் அங்கே உங்கள் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று போன வாரம் சொன்னீர்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னீர்கள். வண்டியை இப்போதே எடுத்து முத்து அண்ணன் ஓட்டட்டும், நான் அங்கிருந்தே தவணை கட்டுகிறேன் என்றீர்கள். நான் ஒன்றும் பேசவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டீர்கள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் இல்லாமல் இந்த வாசலில் வண்டி நிற்பதை என்னால் பார்க்க முடியாது. வண்டி முதலில், நீங்கள் பிறகு என்றால் எனக்கு வண்டியே வேண்டாம். ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்று மூன்று தடவை கேட்டீர்கள். நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, நாற்பது நாள் லீவில் வந்து போனீர்கள். அந்த நாற்பது நாளில் ஏறியதை வைத்துக்கொண்டு இருபத்தாறு மாதமாக நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு எந்தத் திரையும் இல்லை, எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரிவதில்லை. மிகக் குறைவாக இருக்கிறது மச்சான்.

சின்ன பேட்டரி என்றால் மதுரையிலிருந்து வரும்போது வழியில் நிற்க வேண்டியிருக்குமே என்று குறை சொன்னீர்கள். உண்மைதான். ஏர்போர்ட்டிலிருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் வத்தலக்குண்டில் முக்கால் மணி நேரம் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்த முக்கால் மணி நேரம் நீங்கள் எங்கேயும் போக முடியாது. டீயை வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து, முதுகுவலியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காரில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

புக்கிங் தாளை வாங்கி வந்திருக்கிறேன். கீழ் மாடல், வெள்ளை நிறம் என்று எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் போடவில்லை. அங்கே நீங்கள் உங்கள் தாளில் கையெழுத்துப் போடாமல் இருந்தால், இங்கே நான் என் தாளில் போடுவேன். எலக்ட்ரீஷியன் ராஜமுருகனை வரச் சொல்லி வாசல் சுவரில் பதினைந்து ஆம்பியர் பாயின்ட்டை நேற்றே போட்டு வைத்துவிட்டேன். மழை படாமல் மூடியும் இருக்கிறது. என்னத்தக்கா இதுல மாட்டப் போறீங்க என்று கேட்டான். ஆள் வரட்டும் என்றேன்.

எல்லாம் நிறைந்த பிறகு வருகிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறீர்கள். வீட்டுக்கு மேல்தளம், மிஸ்பாவின் படிப்பு, இப்போது பெரிய பேட்டரி. நிறைந்துவிட்டு வந்தால் நாங்கள் கொடுப்பதை எங்கே வாங்கி வைத்துக்கொள்வீர்கள். மிஸ்பாவுக்கு ஒன்பது வயது ஆகிறது. அவள் கை தட்டுகிற வயது இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குக் கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு வாருங்கள்.

அங்கே ரோட்டில் நிதானமாக ஓட்டுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மிஸ்பா உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாள், நீலப் பெட்டி நுழையும் என்பதையும் எழுதச் சொன்னாள். நூறுக்காகக் காத்திருக்காமல், இருக்கிற எண்பதோடு உங்களை அல்லாஹ் எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆமீன்.

வாசலைப் பார்த்தபடி,
அமீருன்னிசா