சோளம் என்று வந்த செய்தி

மதிப்புக்குரிய அப்பா அறிய,

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் நான் சுகம். அம்மாவின் பிரஷர் குறைந்ததா?

கென்யாவில் தம்பி துஷி வேலைசெய்யும் மலைப்பக்கம் மழைக்காலம். போன் டவர் விழுந்ததால்தான் பத்து நாளாகப் பேசவில்லை என்று நினைத்தேன். அந்த ஊர் வானொலியின் இணையச் செய்தியைத் தினமும் போனில் மொழிபெயர்த்து வாசிக்கிறேன். நேற்று, "மண்சரிவில் ஒரு சோளத்தின் உடல் மீட்பு" என்று வந்தது. சிரித்துக்கொண்டே வேலையிடத்தில் கென்யாக்காரி வஞ்சிருவிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அவர்கள் பாஷையில் முஹிந்தி என்றால் சோளமாம். இந்தியர்களுக்கும் அதே சொல்தானாம். நாங்கள் இலங்கை என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே எல்லாரும் ஒன்றுதானாம்.

இன்னும் ஒன்றும் நிச்சயமில்லை, பயப்படாதேங்கோ. துஷியின் பல் எக்ஸ்ரே அலமாரியில் இருக்கும், படமெடுத்து அனுப்புங்கோ.

ரயில் வருகிறது, நிறுத்துகிறேன். அம்மா "என்னப்பா தேடுறியள்?" என்று கேட்டால், எனக்குத்தான் பல்வலி என்று சொல்லுங்கோ.

சயந்தினி