ஃபிர்மின் தனியாகப் போகட்டும்

யோஸ்,

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் பட்டாணி சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சுடவைத்துக் குடி. எழுப்பினால் சண்டை மறுபடி தொடங்கும் என்றுதான் எழுதி வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

ஃபிர்மின் இன்று பேக்கரிக்குத் தனியாகப் போவார். மனநல மருத்துவமனை அவரை நம்மோடு வாழ அனுப்பிய நாளிலிருந்து அவராகக் கேட்டது இது ஒன்றுதான். மனநோயாளிகளை வீட்டுக்கு வீடு சேர்த்துக்கொள்ளும் இந்தக் கேல் ஊரில் பிறந்து, அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்ந்த நீயா பயப்படுகிறாய்?

கூட்டத்தைப் பார்த்து மிரண்டால் என்ன செய்வது என்று நேற்று கத்தினாயே, அதற்கு அவரே வழி சொல்லிவிட்டார். தேவாலயச் சுவரோரம் நின்று உன்னைக் கூப்பிடுவார். நீ எழுந்த பிறகுதான் கிளம்புவார். போனைக் கையிலேயே வைத்திரு. பின்னால் மட்டும் போகாதே.

ஹில்டா

மறந்துவிட்டேன்: போன வாரம் நீ மரத்துக்கு மரம் ஒளிந்து அவர் பின்னால் போனாயே, அது அவருக்குத் தெரியும். சவரம் செய்துகொண்டே இப்போதுதான் சொன்னார்: "யோஸ் அண்ணனுக்கு முழங்கால் வலி இல்லையா, பின்தங்கிடக் கூடாதேன்னுதான் நான் மெதுவா நடந்தேன். இன்னிக்காவது அவர் உக்காந்திருக்கட்டும்."